கேமராவுல பேசுனா பாதி வார்த்தை காணாம போகுது, வேற மாத்தணுமா?

கேள்வி: வணக்கம் சார். ஊர்ல அம்மா தனியா இருக்காங்கன்னு ஹால்ல வைஃபை கேமரா ஒண்ணு மாட்டியிருக்கோம். படம் சூப்பரா இருக்கு, பேசுறதுதான் பிரச்சனை. நான் பேசுறது அம்மாவுக்கு விட்டு விட்டு கேக்குதாம், ரெண்டு பேரும் சேந்து பேசுனா ஒருத்தர் குரல் கட்டாயிடுது. இது 3 மெகாபிக்சல், 5 மெகாபிக்சல் வாங்குனா சரியாகுமா?

பதில்: ஆகாதுங்க. மெகாபிக்சலுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்ல.

உங்களுக்கு இருக்கறது ரெண்டு தனித்தனி பிரச்சனை. சேந்து பேசுனா கட் ஆகுறது கேமராவோட குணம். ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே டப்பாக்குள்ள பக்கத்துல பக்கத்துல இருக்கறதால உங்க குரலே மைக்ல ஏறி உங்களுக்கே எதிரொலியா திரும்பி வரும், அதைத் தடுக்க விலை கம்மி மாடல்ல நீங்க பேசுறப்போ அம்மா பக்க மைக்கை அடைச்சு வெச்சுடுறாங்க. போலீஸ்காரங்க வாக்கி டாக்கி மாதிரி. இதுக்குப் பேரு ஹாஃப் டூப்ளெக்ஸ். எதிரொலியை மட்டும் கழிச்சுட்டு ரெண்டு பக்கமும் தொறந்து வெக்கிறது ஃபுல் டூப்ளெக்ஸ். அட்டைப்பெட்டியில ரெண்டுக்குமே 'டூ-வே ஆடியோ'ன்னுதான் போட்டிருப்பான், கில்லாடிங்க. ஆப்ல மைக் பட்டனை அமுக்கிப் பிடிச்சாதான் பேச முடியும்னா பெரும்பாலும் ஹாஃப்தான்.

விட்டு விட்டு கேக்குறது நெட்டு விஷயம், இதுக்கு கேமரா மாத்த வேண்டாம். உங்க குரல் உங்க போன்லேருந்து கிளம்பி, பல மாடல்ல கம்பெனி சர்வர் வழியா ஊர் ரவுட்டருக்குப் போயி, அங்கேருந்து வைஃபைல கேமராவுக்குப் போகுது. மொதல்ல மொபைல் டேட்டாவுல ஒரு தடவை, உங்க வீட்டு வைஃபைல ஒரு தடவை பேசிப் பாருங்க. ரெண்டுலயும் அதே கதைன்னா ஊர்ல ரவுட்டருக்கும் கேமராவுக்கும் நடுவுல சுவரு, இரும்பு பீரோ எதாவது மறைக்குதான்னு பாக்கச் சொல்லுங்க. ஆப்ல வீடியோ தரத்தை ஹெச்டிலேருந்து எஸ்டிக்கு (கம்மி தெளிவுக்கு) எறக்கிட்டுப் பேசுனாலும் வித்தியாசம் தெரியும்.

குரல் போய்ச் சேர 150 மில்லிசெகண்ட் வரைக்கும் ஆனா நமக்கு உறுத்தாது, 400 தாண்டிருச்சுன்னா பேச்சு முட்டிக்கும்னு ஐடியூ (சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பு) கணக்கு. சர்வர் சுத்தி வர்ற கேமராவுல சிலசமயம் ஒரு செகண்டுக்கு மேலயே ஆகும், அதனால அம்மா 'ஆங், சொல்லு'ன்னு சொல்றதுக்குள்ள நீங்க மறுபடி 'அம்மா கேக்குதா'ன்னு ஆரம்பிச்சுடுவீங்க.

இன்னொண்ணு, கேமரா எங்க மாட்டியிருக்கீங்க? மேல மூலையில, ஃபேன் பக்கத்துலயா? ஃபேன் காத்து மைக்ல 'பொர்ர்ர்'னு அடிச்சிட்டே இருக்கும், அந்தக் குட்டி ஸ்பீக்கர் சத்தமும் வயசானவங்க காதுக்கு எட்டாது. அம்மா உக்கார்ற நாற்காலிக்குப் பக்கத்துல, அலமாரி உயரத்துக்கு எறக்கிப் பாருங்க, பாதி சரியாயிடும்.

அப்பவும் புதுசுதான் வேணும்னா ஃபுல் டூப்ளெக்ஸ்னு ஸ்பெக்ல எழுதியிருக்கறதா பாத்து வாங்குங்க. கடையில டெமோ காட்டச் சொல்லி, நீங்க வெளிய ரோட்டுக்கு வந்து மொபைல் டேட்டாவுல பேசுங்க, கடை வைஃபைலயே பேசுனா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். ஆன்லைன்னா ரீஃபண்ட் உண்டா, வெறும் ரீப்ளேஸ்மென்ட் தானான்னு பாத்துக்கோங்க. போட்டிருந்த வசதி இல்லாம வந்து விக்கிறவன் கைய விரிச்சா அந்த வசதி போட்டிருந்த வெப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பில்லோட வெச்சுக்கிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டு கம்ப்ளெயின்ட் பதிவு பண்ணுங்க.