வார்ப்புருவில் காலியாக நிற்கும் வரி

அன்புள்ள ஐயா,

ஸ்மால்டாக்-80 என்ற நிரலாக்க மொழியின் காலம் தொட்டு, புதிய கிளாஸ் (ஒரு வகைப் பொருள்களை வரையறுக்கும் நிரல்) எழுதத் தொடங்கினால் திரையில் வரும் வார்ப்புருவில் ‘பூல்டிக்‌ஷனரிஸ்’ என்றொரு வரி இருந்தது. ஸ்மால்டாக்கின் வழிவந்த பாரோ மொழியில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். அப்படியொரு வசதி இருப்பதே என் மாணவர்களுக்குத் தெரியாமல் போகாதா? எளிமை என்ற பெயரில் மறைக்கலாமா?

க.

அன்புள்ள க.,

மறைக்கக் கூடாது என்பதில் எனக்கும் உறுதி உண்டு. ஆனால் இங்கே மொழி எதையும் இழக்கவில்லை. ஸ்மால்டாக்கில் கிளாஸை வரையறுக்கத் தனி இலக்கணம் கிடையாது. தாய் கிளாஸுக்கு அனுப்பும் ஒரு செய்திதான், அதாவது ‘இதைச் செய்’ என்னும் கட்டளைதான் அது. அந்தச் செய்தியைப் பாதி எழுதி நம்மிடம் நீட்டுவதே வார்ப்புருவின் வேலை. பூல் (அந்த வரியில் குறிப்பிடும் பொதுப் பெயர்த் தொகுப்பு) தேவைப்படுகிறவர் இன்றும் அதை எழுதிச் சேர்க்கலாம்.

ஒன்றுக்கொன்று உறவில்லாத கிளாஸ்கள் சில பெயர்களைப் பகிர்ந்துகொள்ளவே பூல். முதல் கிளாஸை எழுதும் மாணவி அந்த வரியைப் பார்த்து என்ன கேட்பாள்? “காலியாக விடம்மா” என்பீர்கள். அந்தப் பதிலைத் தவிர வேறு பயன் தராத வரி முதல் நாளே எதற்கு?

அது அவ்வளவு காலம் நீடித்ததற்குக் காரணம் உண்டு. பழைய வடிவத்தில் எல்லாப் பகுதிகளும் சேர்ந்து ஒரே நீண்ட செய்தி. ஒரு பகுதியை விட்டால் அது வேறு பெயருள்ள வேறு செய்தி. அதற்கென்று இன்னொரு மெத்தட் (செய்தி வந்ததும் இயங்கும் நிரல்பகுதி) எழுத வேண்டும். கிளாஸின் வகை மாறினால் இன்னும் ஒரு வரிசை மெத்தட்கள். பாரோவின் பிந்தைய பதிப்புகளில் வந்த ‘ஃபுளூயிட்’ வடிவம் இந்தக் கட்டை அவிழ்த்தது. ஒவ்வொரு பகுதியும் தனிச் சிறு செய்தி, இடையில் அரைப்புள்ளி. வேண்டியதை மட்டும் எழுதினால் போதும். ஒரே மேற்கோளுக்குள் இடைவெளி விட்டு அடுக்கிய மாறிகளின் (வேரியபிள்) பெயர்கள், இப்போது அடைப்புக்குள் தனித்தனி ‘ஸ்லாட்’களாக நிற்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான்.

ஒரு நிபந்தனையை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏற்கெனவே எழுதிய கிளாஸ் பூலைப் பயன்படுத்தினால், அதைத் திறந்ததும் அந்த வரி கண்ணில் பட்டே ஆக வேண்டும். இல்லையென்றால், நிரலில் வரும் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் படிப்பவர் திண்டாடுவார். பாரோ இதைச் சரியாகவே செய்கிறது.

பாரோவில் தேதியையும் நேரத்தையும் குறிக்கும் ‘டேட்அண்ட்டைம்’ கிளாஸை வகுப்பில் திறந்து காட்டுங்கள். ‘குரோனாலஜிகான்ஸ்டன்ட்ஸ்’ என்ற பூல் அதன் வரையறையிலேயே தெரியும். ஒரு நாளுக்கு 86,400 விநாடி என்பது போன்ற மாறிலிகள் அதில் இருக்கின்றன. கால அளவைக் குறிக்கும் ‘டியூரேஷன்’ கிளாஸும் அதையே பயன்படுத்துகிறது. பூல் எதற்கு என்று மாணவர்கள் அங்கே கேட்பார்கள். அப்போது சொல்லிக்கொடுக்க உங்களிடம் பதிலும் இருக்கும், உதாரணமும் இருக்கும்.