தட்டம்மை பரவும் நேரத்தில், சிறுவயதில் தடுப்பூசி போட்டோமா என்றே தெரியாத பெரியவர்கள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

பல நாடுகளில் தட்டம்மை மீண்டும் தலையெடுத்திருப்பதாகச் செய்திகள் வருவதையும், நாற்பதை நெருங்கும் உங்களிடம் சிறுவயதுத் தடுப்பூசிக்கான சான்று எதுவும் இல்லை என்பதையும் குறிப்பிட்டு, எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்த்துவிட்டுத்தான் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானோருக்கு அந்தப் பரிசோதனை தேவையில்லை என்பதே என் பதில். முதலில் பழைய தடுப்பூசி அட்டையைத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால், உடல்நிலையில் தடை ஏதும் இல்லாதவர் நேரடியாகத் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளலாம். நான் மருத்துவர் அல்லன். எதிர்ப்பொருள்கள், அதாவது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்கள், இரத்தத்தில் உள்ளனவா என்று பார்க்கும் இத்தகைய பரிசோதனைகளைச் செய்யும் ஆய்வகம் ஒன்றில் பணிபுரிபவன். பரிசோதனை செய்பவனே அது வேண்டாம் என்று சொல்வது விந்தையாகத் தோன்றலாம் என்பதால் காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கவலை மிகையானது அன்று. எதிர்ப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் ஒரு தட்டம்மை நோயாளியை நெருங்கிப் பழகினால் அவர்களுள் ஒன்பது பேருக்கு நோய் தொற்றிவிடும் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. உடலில் சிவந்த தடிப்புகள் தோன்றுவதற்கு 4 நாள்களுக்கு முன்பிருந்தே நோயாளியிடமிருந்து கிருமி பரவத் தொடங்குகிறது; அப்போது அவருக்கு இருப்பது காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு ஆகியவை மட்டுமே என்பதால், சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று எண்ணி அவரும் வெளியே நடமாடுவார். மக்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால்தான் இந்நோயின் தொடர்பரவல் நிற்கும். அந்த அளவு சரிந்தபோது என்ன நடக்கும் என்பதற்குக் கனடா அண்மைய எடுத்துக்காட்டு: 1998இல் தட்டம்மையை ஒழித்த நாடு என்ற தகுதியைப் பெற்றிருந்த அந்நாடு, ஓராண்டுக்கு மேல் தொடர்ந்த பரவலால் 2025 நவம்பரில் அதை இழந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் போலவே இருபது வயதைக் கடந்தவர்களுக்கும் நிமோனியா முதலிய சிக்கல்கள் கூடுதலாக வருகின்றன என்பதால், இதைக் குழந்தைகளின் நோய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

இயற்கையாக ஒருமுறை தட்டம்மை வந்து குணமானால் வாழ்நாள் முழுவதும் மறுபடி வராது என்பதற்கு மிகத் தெளிவான சான்று 1846ஆம் ஆண்டைச் சேர்ந்தது. டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த ஃபாரோ தீவுகளில் அவ்வாண்டு நோய் நுழைந்தபோது, 7,800 பேருக்குச் சற்றுக் குறைவாக இருந்த மக்கள்தொகையில் ஏறத்தாழ 6,000 பேர் படுத்துவிட்டார்கள். அங்கே அனுப்பப்பட்ட பீட்டர் பானும் (Panum) என்ற இளம் மருத்துவர், 65 ஆண்டுகளுக்கு முன் 1781இல் நடந்த முந்தைய பரவலில் நோய்வாய்ப்பட்டிருந்த முதியவர்களுள் ஒருவருக்குக்கூட இம்முறை நோய் வரவில்லை என்று பதிவு செய்தார். இடைப்பட்ட காலத்தில் தீவுகளுக்குள் நோயே வராததால், அவர்களது எதிர்ப்பாற்றல் மறுதொற்றின் துணையின்றியே அத்தனை ஆண்டுகள் நிலைத்திருந்தது என்று கொள்ள வேண்டியதாகிறது. தடுப்பூசிக்கு முந்தைய தலைமுறையினரில் ஏறக்குறைய எல்லாருக்கும் நோய் வந்துபோயிருக்கும் என்ற கணக்கில்தான் அமெரிக்கா 1957க்கு முன்பும், ஆஸ்திரேலியா 1966க்கு முன்பும், கனடா 1970க்கு முன்பும் பிறந்தவர்களை எதிர்ப்பாற்றல் உள்ளவர்களாகக் கருதுகின்றன. இந்த ஆண்டுகள் நாட்டுக்கு நாடு மாறுபவை; அடுத்த நாட்டின் ஆண்டை நாம் கடன்வாங்கிக்கொள்வது சரியாகாது. வீட்டுப் பெரியவர்கள் ‘சின்ன வயதில் உனக்கு அம்மை போட்டிருந்தது’ என்று சொல்வதையும் சான்றாகக் கொள்ள இயலாது. அது ருபெல்லாவாகவோ சின்னம்மையாகவோ வேறு ஏதோ ஒரு தடிப்பாகவோ இருந்திருக்கலாம்.

உண்மையில் ஐயத்துக்குரியவர்கள் தடுப்பூசிக் காலத்தின் முதல் தலைமுறைகளைச் சேர்ந்தவர்களே. 1963இல் தட்டம்மைத் தடுப்பூசி வந்தபின் பல ஆண்டுகள் ஒரே தவணைதான் வழக்கமாக இருந்தது. இரண்டாம் தவணையை அமெரிக்கா 1989இல்தான் பரிந்துரைத்தது. இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் அது 2010இல்தான் சேர்ந்தது. ஒன்பதாம் மாதத்தில் போடும் ஒரு தவணை ஏறத்தாழ 85 விழுக்காட்டினரையும், ஒரு வயது நிறைந்தபின் போடும் ஒரு தவணை 93 விழுக்காட்டினரையும், இரண்டு தவணைகள் 97 விழுக்காட்டினரையும் காக்கின்றன. தேய்ந்துபோன ஆற்றலைப் புதுப்பிப்பதற்காக இரண்டாவது ஊசி போடப்படுவதாகப் பலர் நினைக்கிறார்கள். முதல் ஊசிக்கு உடல் அறவே ஈடுகொடுக்காத அந்தச் சிலரைப் பிடிப்பதே அதன் முதன்மையான நோக்கம்.

இனி பரிசோதனைக்கு வருகிறேன். எலைசா எனப்படும் இம்முறையில், 96 சிறு குழிகள் கொண்ட நெகிழித் தட்டு ஒன்றின் குழிகளில் தட்டம்மைக் கிருமியின் புரதங்கள் முன்கூட்டியே படியவைக்கப்பட்டிருக்கும். உங்கள் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் என்ற தெளிநீரை அதில் இட்டு, ஊறவைத்துக் கழுவினால், உரிய எதிர்ப்பொருள்கள் மட்டும் புரதத்தைப் பற்றிக்கொண்டு தங்கும். அவற்றின்மேல் நொதி இணைத்த மற்றொரு எதிர்ப்பொருளையும், அதன்பின் நிறம் காட்டும் கரைசலையும் சேர்க்கும்போது குழி நீலமாகும். அமிலம் விட்டு வினையை நிறுத்தியதும் மஞ்சளாக மாறும். அந்த மஞ்சளின் அடர்த்தியைக் கருவி 450 நானோமீட்டர் ஒளியில் அளந்து, வரம்புக்கு மேலே இருந்தால் ‘உண்டு’ என்றும், கீழே இருந்தால் ‘இல்லை’ என்றும், நடுவில் சிக்கினால் ‘தீர்மானிக்க இயலாது’ என்றும் சொல்கிறது. பளிச்சென்ற மஞ்சளும் நிறமே இல்லாத குழியும் எங்களுக்குச் சிக்கல் தருவதில்லை; வெளிறிய மஞ்சள்தான் தலைவலி. தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்பொருளின் அளவு, நோய் வந்து குணமானவர்களிடம் காணப்படுவதைவிடப் பொதுவாகக் குறைவு என்பதால், முறையாக ஊசி போட்டவர்களின் குழிகளே அடிக்கடி இப்படி வெளிறுகின்றன. கிருமியை மீண்டும் எதிர்கொண்டால் விரைந்து பெருகக்கூடிய, அதை நினைவில் வைத்திருக்கும் உயிரணுக்கள் அவர்கள் உடலில் காத்திருப்பதை இந்தத் தட்டு காட்டாது. எதிர்ப்பொருள்களால் கிருமியை முடக்க முடிகிறதா என்று நேரடியாகப் பார்க்கும் நுட்பமான முறை வேறு உண்டு. ஆனால் அதற்கு நாள் பிடிக்கும், செய்யும் ஆய்வகங்களும் மிகச் சில.

இதனால்தான், ஒரு வயதுக்குப் பின் உரிய இடைவெளியில் இரண்டு தவணை போட்டதற்கான எழுத்துச்சான்று இருந்தால், பரிசோதனை ‘இல்லை’ என்று காட்டினாலும் அந்தச் சான்றே செல்லும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் வழிகாட்டுகிறது. இரண்டு தவணைக்கான அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே, ‘இல்லை’ என்ற அறிக்கையைப் பார்த்துக் கலங்கிப்போய் நிற்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் பணம் கொடுத்து வாங்கிச் சென்றது பெரும்பாலும் வீண்கவலைதான். வேறொரு குழப்பமும் அடிக்கடி நேர்கிறது: எதிர்ப்பொருள் வகைகளுள் பழைய எதிர்ப்பாற்றலைக் காட்டுவது ஐஜிஜி (IgG), இப்போது நோய் இருக்கிறதா என்று காட்டுவது ஐஜிஎம் (IgM). நலமாக இருக்கும் ஒருவர் இரண்டாவதைச் சோதித்துக்கொண்டு, ‘இல்லை’ என்று வந்ததும் தமக்குப் பாதுகாப்பே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்.

ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் உள்ளவர் இன்னொரு தவணை போட்டுக்கொள்வதால் கெடுதல் இல்லை. பரிசோதனையைத் தவிர்க்கலாம் என்பதற்கு இதுவே வலுவான காரணம். கை வலியும், ஒரு வாரம் கழித்துச் சிலருக்கு இலேசான காய்ச்சலோ தடிப்போ, ருபெல்லாவும் சேர்ந்த ஊசியானால் பெண்கள் சிலருக்குத் தற்காலிக மூட்டுவலியும் வரலாம். பொதுவாகப் பெரியவர்களுக்கு ஒரு தவணை போதும் என்றும், மருத்துவமனை ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள், வெளிநாட்டுப் பயணிகள் ஆகியோருக்கு 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும் என்றும் அமெரிக்க விதி கூறுகிறது.

ஆனால் இது வீரியம் குறைக்கப்பட்ட உயிர்க்கிருமி ஊசி என்பதை மறக்கக் கூடாது. கருவுற்றிருப்பவர்களும், புற்றுநோய் மருந்தாலோ உறுப்பு மாற்றத்தாலோ எதிர்ப்பாற்றல் பெரிதும் குன்றியவர்களும், ஊசி மருந்தில் இருக்கக்கூடிய நியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்கோ ஜெலட்டினுக்கோ கடும் ஒவ்வாமை உள்ளவர்களும் இதைப் போடக் கூடாது. ஊசி போட்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். அண்மையில் இரத்தமோ, பிறர் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள்களாலான இம்யூனோகுளோபுலின் மருந்தோ ஏற்றப்பட்டவர்கள் சில மாதங்கள் காத்திருக்க நேரலாம். முட்டை ஒவ்வாமை இதற்குத் தடையன்று. ஊசியைத் தவிர்த்தே ஆகவேண்டிய இவர்களுக்குத்தான், தங்கள் நிலையை அறிந்து எச்சரிக்கையாக இருப்பதற்கு, அந்த இரத்தப் பரிசோதனை உண்மையாகவே பயன்படுகிறது.

ஒருவேளை நோயாளி ஒருவருடன் ஏற்கெனவே பழகிவிட்டீர்கள் என்றால் அறிக்கைக்காகக் காத்திருந்து நேரத்தை இழக்க வேண்டாம். 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கவோ தணிக்கவோ வாய்ப்புண்டு. ஊசி போட முடியாதவர்களுக்கு 6 நாள்களுக்குள் இம்யூனோகுளோபுலின் கொடுப்பார்கள். அதன்பின் காய்ச்சலோ தடிப்போ தோன்றினால், மருத்துவமனைக்குப் புறப்படும் முன் தொலைபேசியில் விவரத்தைச் சொல்லிவிடுங்கள். நோயாளி எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்த அறையின் காற்றில் கிருமி தங்கும் என்பதால், உங்களைப் பொதுக் காத்திருப்பறையில் உட்காரவைக்காமல் தனி வழியில் அழைத்துச் செல்ல அவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.