பறவைக் காய்ச்சல் பரவும்போது கிறிஸ்துமஸுக்கு வாத்துக்கறி சமைக்கலாமா?

நன்றாக வேகவைத்தால் தாராளமாகச் சாப்பிடலாம். ஆபத்து பெரும்பாலும் கறி அடுப்பில் ஏறுவதற்கு முன்புதான் இருக்கிறது.

2014 நவம்பரில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகள் கூட்டங்கூட்டமாகச் செத்தபோது, கிறிஸ்துமஸுக்கு வாத்து வறுவல் செய்யும் குட்டநாட்டுக் குடும்பங்களுக்கும் இதே கவலை எழுந்தது. பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் எச்5என்1 வைரஸை அழிக்க, கறியின் எல்லாப் பகுதிகளும் 70 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கொதிக்கும் குழம்பில் இது எளிது. ஆனால் முழு வாத்தாக வறுக்கும்போது, மேல்தோல் நன்கு சிவந்த பிறகும் தொடை எலும்பை ஒட்டிய சதை வேகாமல் இருப்பதுண்டு. அங்கே கத்தியால் கீறிப் பார்த்து, இரத்தம் கசிந்தால் மீண்டும் அடுப்பில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புவது தவறு. உறைந்த கறியிலும் அது வீரியத்தோடு இருக்கும்.

மனிதர்களுக்கு இந்நோய் பெரும்பாலும் தொற்றியது நோயுற்ற பறவைகளைக் கையாண்டபோதும், அறுத்து இறகு பிடுங்கியபோதும்தான் என்பதால், உயிருள்ள வாத்தை வாங்கி வந்து முற்றத்தில் அறுக்கும் வழக்கத்தை நோய் பரவும் ஆண்டில் மட்டுமாவது தயவுசெய்து விட்டுவிடுங்கள். குழந்தைகளை இறகு பிடுங்க உட்கார வைக்கவே வேண்டாம். பச்சைக் கறி வெட்டிய பலகையில் கழுவாமல் வெங்காயம் நறுக்குவதும், ஆஃப்பாயில் முட்டையும் கூடாது. தானாகச் செத்த பறவையை யார் மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். உங்கள் பகுதியில் விற்பனைக்கே தடை இருந்தால், அது நீங்கும்வரை மீன் சமைத்துக்கொள்ளலாம்.