பழைய ஜெட் மாடல்: எங்கே செலவு, எங்கே மிச்சம்?

முதல் தலைமுறை ஜெட் போர் விமானங்களின் பிளாஸ்டிக் மாடல் கட்டுவது பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில் சொல்கிறோம். எல்லாருக்கும் கவலை பணம்தான். கிட்டிலும் (ஒட்ட வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டி) பசையிலும் கஞ்சத்தனம் கூடாது, மற்றதெல்லாம் நம் பக்கத்துக் கடைகளிலேயே மலிவாக முடியும் என்பது எங்கள் கணக்கு.

கேள்வி: மொத்தமே 3,000 ரூபாய்தான் இருக்கிறது. இதுதான் என் முதல் மாடல். மீ-262, மிக்-15, வேம்பயர் இந்த மூன்றில் எதை வாங்கலாம்? 1/48 அளவா, 1/72 அளவா? (கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை)

பதில்: 1/72 வாங்குங்கள். நிஜ வேம்பயரின் இறக்கை முனைக்கு முனை 11.58 மீட்டர். 1/72 அளவில் அது 16 செ.மீ., 1/48 அளவில் 24 செ.மீ. பெரிய மாடலுக்குக் கிட் விலை மட்டும் ஏறாது. பெயின்ட், பிரைமர், மாஸ்கிங் டேப் எல்லாமே இரண்டு மடங்குக்கு மேல் செலவாகும், ஏனென்றால் பூச வேண்டிய பரப்பு 2.25 மடங்கு.

முதல் மாடலுக்கு மீ-262 வேண்டாம். 1942-லேயே ஜெட் எஞ்சினில் பறந்த விமானம், ஆசை வருவது நியாயம்தான். ஆனால் இறக்கைக்குக் கீழே இரண்டு எஞ்சின் கூடு, ஒவ்வொன்றிலும் இணைப்புக் கோடு. போதாததற்கு உடம்பெல்லாம் திட்டுத் திட்டான நிறம், அதற்கு ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் கருவி) இல்லாமல் சரிவராது. மிக்-15-ல் பாகங்கள் குறைவு. ஆனால் அது வெறும் உலோக நிறம். வெள்ளிப் பூச்சின் அடியில் ஒரு மயிரிழைக் கீறல் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

நாங்கள் சொல்வது வேம்பயர். 1948-ல் இந்திய விமானப்படைக்கு வந்த முதல் ஜெட் அதுதான். கட்டுபவருக்கு அதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. விமானி உட்காரும் நடுக்கூடு ஒட்டுப்பலகையும் பால்சா மரமும் வைத்துச் செய்தது. அதனால் அங்கே உலோகத் தகட்டுக் கோடு, ரிவெட் வரிசை கிடையாது. இணைப்பில் பட்டி போட்டு உப்புத்தாளால் தேய்த்தால் அழிந்துபோக எதுவும் இல்லை. மற்ற ஜெட்களில் தேய்க்கும்போது கோடும் சேர்ந்து போகும், திரும்பக் கீற வேண்டும்.

சிரமம், இறக்கையிலிருந்து பின்னால் நீண்டு வாலைத் தாங்கும் இரட்டை வால்தண்டுகளில். கிராஃப் பேப்பரில் இரண்டு இணைகோடு போட்டு, எல்லாவற்றையும் முதலில் டேப்பால் கட்டிப் பாருங்கள். பிறகு தண்டு இரண்டையும் வால் இறக்கையையும் ஒரே மூச்சில் ஒட்டி, பசை இளகி இருக்கும்போதே கோட்டின் மேல் வைத்து நேராக்கி, ஒரு ராத்திரி தொடாமல் விடுங்கள். தண்டுகளை இன்றைக்கும் வால் இறக்கையை நாளைக்கும் ஒட்டினால் கோணல் நிச்சயம்.

வாங்கும் முன் பெட்டிப் படத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் ஸ்ப்ரூவின் (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) படத்தைக் கேளுங்கள். தகட்டுக் கோடுகள் மேலெழும்பி இருந்தால் பெரும்பாலும் பழைய அச்சு. புதுப் பெட்டியில் போட்டு விற்பார்கள். கோடுகள் உள்ளே குழிந்து, மெல்லிசாக இருந்தால் வாங்கலாம். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/72 வேம்பயர் டி.11 இந்தப் புது வகை. கிட்டுக்கு 1,800 ரூபாயைத் தாண்டாதீர்கள். பசைக்கு 400 ஒதுக்குங்கள். மிச்சம் 800-ல் பிரைமர், பெயின்ட், பிரஷ், பிளேடு அடங்கும்.

கேள்வி: ஐந்து ரூபாய் ஃபெவிக்விக் போதாதா? மாடல் சிமென்ட் என்று தனியாக ஏன் வாங்க வேண்டும்? (வியாசர்பாடி வாசகர்)

பதில்: போதாது. கிட் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். மாடல் சிமென்ட் அதன் இரு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும், கரைப்பான் ஆவியானதும் அது ஒரே துண்டு. ஃபெவிக்விக் நடுவில் ஒரு கெட்டிப் படலமாக நிற்கும். பக்கவாட்டில் ஒரு தட்டு பட்டால் படக்கென்று விட்டுவிடும். கையில் எடுத்துத் திருப்பும்போது சக்கரக் கால்கள் உடைவது இதனால்தான். இன்னொன்று, அதன் ஆவி காக்பிட் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். கண்ணாடியை வெள்ளை ஃபெவிகோலால் ஒட்டுங்கள். காய்ந்தால் நிறம் தெரியாது, வழிந்தால் ஈரத்துணியில் துடைத்துவிடலாம்.

ஃபெவிக்விக்குக்கும் ஒரு வேலை உண்டு. முகப்பவுடரோடு குழைத்து இடைவெளியில் நிரப்பினால் அருமையான பட்டி. அரை மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். மறுநாள் அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும், தேய்த்தால் பிளாஸ்டிக்தான் பள்ளமாகும்.

ஹார்டுவேர் கடை என்.சி. தின்னரைப் பசையாகப் பயன்படுத்தச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், மெல்லிய பாகம் குழைந்துபோகும். வெட்டுவதற்கு மட்டும் மாடல் கத்தி தேவையில்லை. 3-ம் நம்பர் கைப்பிடியும் 11-ம் நம்பர் சர்ஜிக்கல் பிளேடும் போதும். பாரிமுனை நயினியப்ப நாயக்கன் தெரு சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும்.

கேள்வி: போன மாதம் கட்டிய மிக்-15 மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்காருகிறது. அடுத்து வேம்பயர். எடை வைக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு, எங்கே, எதை? (காசிமேடு வாசகர்)

பதில்: மூக்குச் சக்கரம் உள்ள ஆரம்ப கால ஜெட்கள் பலவற்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு. நிஜ விமானத்தில் முன்னால் பீரங்கியும் குண்டும் கனம் கொடுக்கும். மாடலில் எல்லாம் ஒரே பிளாஸ்டிக். இறக்கையும் வாலும் பின்னால் இழுக்கும்.

எடைபோடத் தராசு வேண்டாம். உடல் பாதிகள், இறக்கை, வால் எல்லாவற்றையும் டேப்பால் கட்டுங்கள். பின் சக்கரங்கள் வரும் இடத்துக்கு நேர் கீழே, குறுக்காக ஒரு பென்சில் வைத்து மாடலை அதன்மேல் நிறுத்துங்கள். மூக்கின் மேல் சின்ன பிளாஸ்டிக் கவரை ஒட்டி, அதில் ஈயத்தை ஒவ்வொன்றாகப் போடுங்கள். மூக்கு சாய்ந்ததும் நிறுத்தி, அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடச் சேருங்கள். பெயின்டும் கடைசியில் ஒட்டும் சில்லறைப் பாகங்களும் வால் பக்கமும் கனம் ஏற்றும். அதற்குத்தான் இந்தக் கூடுதல்.

பொருள் உங்கள் தெருவிலேயே இருக்கிறது. வலைக்கும் தூண்டிலுக்கும் கட்டும் ஈயக்குண்டில் சின்ன சைஸ் வாங்குங்கள். ஈயம் இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், குறுகிய இடத்தில் அடங்கும். வேம்பயரில் காக்பிட்டுக்கு முன்னால் மூக்கு காலி, அங்கே வையுங்கள். மிக்-15-ல் மூக்கே காற்றுக் குழாய், அங்கே இடமில்லை. காக்பிட் தரைக்கு அடியிலும் குழாயின் இரு பக்கச் சந்திலும் தட்டி நசுக்கிய ஈயத்தைத் திணிக்க வேண்டும். ஏற்கெனவே மூடிவிட்ட மிக்-15-க்கு வால் அடியில் ஒரு மெல்லிய கண்ணாடிக் கம்பி முட்டுக்கொடுப்பதே வழி, உடைத்துத் திறக்காதீர்கள்.

ஈயத்தை ஃபெவிகோலால் ஒட்டவே கூடாது. அந்தப் பசையிலிருந்து கசியும் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும்; பொடி உப்பி, சில வருடத்தில் மூக்கையே பிளந்துவிடும். கடலோர ஈரக்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அரால்டைட் போடுங்கள். ஈயத்தை அரம்போட்டு ராவாதீர்கள், தூசு நஞ்சு. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கார் பிரைமர் ஸ்பிரே அடித்தேன். இறக்கை முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையாகிவிட்டது. ஓரிடத்தில் பிளாஸ்டிக்கே சொரசொரப்பாகிவிட்டது. ஸ்பிரே மோசமா? (திருவொற்றியூர் வாசகர்)

பதில்: ஸ்பிரேயில் குறையில்லை. நடந்தது இரண்டு தனித்தனி விஷயம். வெள்ளை பூத்தது ஈரத்தால். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். உங்கள் ஊரில் கடற்காற்று ஏறுவதற்கு முன், காலை 10 மணியிலிருந்து 12-க்குள் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் தொடவே வேண்டாம். பூத்ததைச் சுரண்டத் தேவையில்லை, வெயில் நாளில் மெல்லிசாக இன்னொரு கோட் அடித்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

சொரசொரப்பு வந்தது கிட்டத்தில் வைத்து நனைய அடித்ததால். கார் பிரைமரின் கரைப்பான் காட்டமானது, ஈரமாகத் தேங்கினால் பிளாஸ்டிக்கைத் தின்னும். 25 செ.மீ. தள்ளி, தூவல் மாதிரி மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம் இடைவெளி. முதலில் வெட்டிப்போட்ட ஸ்ப்ரூ துண்டில் அடித்துப் பாருங்கள். பாழான இடத்தை 800, பிறகு 1200 வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் சரியாகும்.

பிரைமருக்கு முன் பாகங்களைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவினீர்களா? அச்சிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பூச்சு உரிந்து வரும். பிரைமர் சரியாக அமைந்துவிட்டால் மேலே ஃபெவிக்ரில் அக்ரிலிக்கே போதும். பால் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, மூன்று கோட்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய கிட்டில் காக்பிட் கண்ணாடி இல்லை. "பெட்டியைத் திறந்தால் ரிட்டர்ன் கிடையாது" என்கிறார் விற்பனையாளர். என்ன செய்வது? (பெரம்பூர் வாசகர்)

பதில்: திறக்காமல் பாகம் இல்லையென்று எப்படித் தெரியும்? அந்த வாசகம் செல்லாது. 2020 மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்துக்கு மாறான பொருளையோ திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் வந்ததென ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஸ்ப்ரூ எல்லாவற்றையும் விரித்து எடுத்த படம், செயல்முறைத் தாளில் அந்தப் பாகத்தின் எண், பில், இவை மூன்றையும் இணையுங்கள். கூடவே, கிட் தயாரிப்பாளருக்கும் ஸ்ப்ரூ எழுத்தும் பாக எண்ணும் குறிப்பிட்டு எழுதுங்கள். மாற்றுப் பாகம் அனுப்பும் நிறுவனங்கள் உண்டு.

நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் டில்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, இரண்டு வருட அவகாசம் உண்டு. பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் தவறு.

பழைய கிட்டைத் தனி ஆளிடம் கைமாற்றாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்காதீர்கள். பணம் கொடுக்கும் முன் கண்ணாடி, டெக்கால் தாள் (மாடலில் ஒட்டும் சின்னங்கள், எண்கள் அச்சிட்ட தாள்) இரண்டையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். டெக்கால் மஞ்சளித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: மாடியில் தகரக் கூரை அறைதான் இருக்கிறது. அங்கே வைக்கலாமா? (கொடுங்கையூர் வாசகர்)

பதில்: சித்திரை வெயிலில் வேண்டாம். மெல்லிய இறக்கை தொங்கிவிடும். தொங்கிவிட்டால், பெயின்ட் அடிக்காத பாகத்தைக் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான வெந்நீரில் அரை நிமிடம் இடுக்கியால் பிடித்து முக்கி, நேராக வளைத்து, அப்படியே குளிர்ந்த நீரில் பிடியுங்கள். பெயின்ட் அடித்து முடித்ததென்றால் கீழ் வீட்டு அலமாரிதான் அதற்கு இடம்.