900 படம் விழுந்தும் மானைக் காணோமா? கேமராவைத் திருப்பிக் கட்டுங்கள்

வணக்கம் நண்பரே. அமெரிக்காவின் மிச்சிகனில் மான் நடமாடும் தடத்தில் கட்டிய, அசைவு கண்டால் தானாகவே படம் எடுக்கும் மலிவு விலைக் கேமரா ஒரே வாரத்தில் 900 படம் எடுத்தும், இரண்டில் வால் தவிர எல்லாம் வெறும் புல்தான் என்று எழுதியிருந்தீர்கள். வேறு கேமரா வாங்க வேண்டாம், கட்டிய விதத்தை மாற்றிப் பாருங்கள்.

அதன் சென்சார் உருவத்தைப் பார்ப்பதில்லை; அசையும் வெப்பத்தைத்தான் உணர்கிறது. வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினாலே போதும், படம் எடுத்துத் தள்ளிவிடும். வடக்கு நோக்கித் திருப்புங்கள், முன்னால் தொங்கும் கிளைகளையும் உயரப் புல்லையும் கழித்துவிடுங்கள்.

வால் மட்டும் விழுவதற்குக் காரணம் வேறு. விலை குறைந்த கேமரா விழித்துப் படம் எடுப்பதற்குள், குறுக்கே போகும் மான் கடந்துவிடுகிறது. தடத்தின் நீளவாக்கில் பார்க்கும்படி சாய்த்து, இடுப்புயரத்தில் கட்டுங்கள். நான் அப்படித் திருப்பிய மறுநாளே ஓர் ஆண் மான், மூக்கின் ஈரம் மின்னுவது தெரிகிற அளவுக்கு நேராக நடந்து வந்திருந்தது!

நவம்பர் 15 அன்று அங்கே துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. அந்தக் குளிரில் ஆல்கலைன் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும், லித்தியம் போடுங்கள். கார்டை எடுக்க அடிக்கடி போகாதீர்கள், உங்கள் வாடை தடத்தில் தங்கிவிடும். போனால் நண்பகலில், ரப்பர் பூட்ஸோடு போங்கள்.