செடியின் இலை கருகுவதும் மனிதனின் தசை அழுகுவதும் ஒரே நோயா?

ஒரே நோய் இல்லை. ஆனால் சில வேளைகளில் கிருமி ஒன்றுதான், அதன் ஆயுதமும் ஒன்றுதான்.

இதற்கு நான் எப்போதும் சுட்டுவது 1995-இல் வெளியான ஓர் ஆய்வு. லாரன்ஸ் ரேமி, ஃபிரெட்ரிக் ஆசுபெல் குழுவினர், மனித நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்த சூடோமோனாஸ் ஏருஜினோசா பாக்டீரியாவை அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் இலையில் செலுத்தினார்கள். இலை நீர்கோத்து, குழைந்து, அழுகியது. அதே பாக்டீரியா தீக்காயம் பட்ட எலிகளையும் கொன்றது. அதன் மூன்று மரபணுக்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைத்தபோது, இலை, எலி இரண்டிலும் நோயின் வீரியம் குறைந்தது! அவற்றில் ஒன்று, உயிரணுச் சவ்வின் கொழுப்பை வெட்டும் நொதியை உருவாக்குவது. அந்தச் சவ்வு செடிக்கும் உண்டு, நமக்கும் உண்டு.

எல்லா அழிவும் கிருமியின் வேலை அல்ல. உயிருள்ள அணுக்களை நம்பி வாழும் துரு நோய்ப் பூஞ்சை தொற்றினால், எதிர்ப்புத் திறன் உள்ள செடி அந்த இடத்து உயிரணுக்களைத் தானே சாகவிட்டுப் பூஞ்சையைப் பட்டினி போடுகிறது. இலையில் தெரியும் சிறு பழுப்புப் புள்ளி அந்தத் தற்காப்பின் தழும்பாக இருக்கலாம். ஆனால் சாம்பல் பூசணம் எனப்படும் பொட்ரைடிஸ் பூஞ்சைக்கு இறந்த திசுதான் உணவு. அதனிடம் இந்த உத்தி பலிக்காது.

மாடுகளின் குளம்பழுகலுக்கு ஃபியூசோபாக்டீரியம் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம். மனிதரில், கிருமியே இல்லாமல் இரத்தக் குழாய் அடைபட்டாலும் விரல் கறுத்துவிடும். தசையை மூடியிருக்கும் உறையைக் கிருமி வேகமாக அழிக்கும் தசையுறை அழுகல் நோயில், இறந்த திசுவுக்கு இரத்தம் போகாது, மருந்தும் போய்ச் சேராது. அதனால்தான் ஆன்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டே அந்தப் பகுதியை உடனடியாக வெட்டி அகற்றுகிறார்கள்.