டீச்சர் வெட்டியது சரி

கேள்வி: உயர்தரத்தில் படிக்கிறேன். ஆங்கிலக் கட்டுரையில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக்கூடாது என்று டியூசனில் ஒரு தாள் தந்தார்கள். தோல்விக்கு, பிரயோசனம் இல்லாததற்கு, சோடிப்பதற்கு என்று வரிசை வரிசையாகச் சொற்கள். அத்தனையும் மனப்பாடம். 'உருளைக்கிழங்குப் பயிர் ஃப்ளங்க்ட்', 'வேலையை விட்ட என் அம்மாயி ஃபியூடைல்', 'மணப்பெண்ணை டெக்கரேட் பண்ணினார்கள்' என்று எழுதினேன். பாடசாலை டீச்சர் மூன்றையும் வெட்டிவிட்டார். கருத்து ஒன்றுதானே?
- ஒரு மாணவி, தலவாக்கலை

பதில்: ஒன்றல்ல. டீச்சர் வெட்டாமல் விட்டிருந்தால்தான் அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்கும். குற்றம் அந்தத் தாளுடையது. சொல்லை அடுக்கியவர், எந்தச் சொல் எதோடு சேரும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

ஆங்கிலத்தில் இப்படிச் சொல்லடுக்கிப் பேர் வாங்கியவர் பீட்டர் மார்க் ரொஜே என்ற வைத்தியர். 1852இல் வெளிவந்த அவருடைய 'தெசாரஸ்' என்ற சொல்லடுக்கு நூலில் 1000 தலைப்புகள். வெற்றிக்கு எதிரே தோல்வி, பயனுக்கு எதிரே பயனின்மை. அது யாருக்கு? சொல் ஏற்கெனவே தெரிந்தும், எழுதும் நேரத்தில் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வராமல் அடம்பிடிக்கிறவர்களுக்கு. தெரியாத சொல்லை அதிலிருந்து பொறுக்குகிறவர் உங்களைப் போலத்தான் மாட்டிக்கொள்வார்.

முதலில் உருளைக்கிழங்கு. 'ஃப்ளங்க்' அமெரிக்க மாணவர் பேச்சு. பரீட்சையில் கோட்டை விட்டவருக்கு மட்டுமே அது பொருந்தும். உருளைக்கிழங்கு எந்தப் பரீட்சைக்குப் போனது? 'ஃப்ளொப்' படத்துக்கும் நாடகத்துக்கும் கடைக்கு வந்து விலைபோகாத புதுச் சாமானுக்கும். 'ஃபியாஸ்கோ' என்றால் பலர் பார்க்க மானம் போகிற மாதிரிக் குழம்பிப்போன நிகழ்ச்சி: மைக் வேலை செய்யவில்லை, பிரதம விருந்தினர் வரவில்லை, கூட்டம் எழுந்து போய்விட்டது. நீங்கள் திரும்ப எழுதப் பயப்படுகிற 'ஃபெயில்'தான் இந்தக் கூட்டத்தில் எங்கும் போகக்கூடியது. பயிர், பஸ் பிரேக், சிறுநீரகம், வங்கி எல்லாம் 'ஃபெயில்' ஆகலாம். 'த பொட்டேட்டோ க்ரொப் ஃபெயில்ட்' என்று எழுதியிருந்தால் டீச்சரின் சிவப்புப் பேனை அந்தப் பக்கமே வந்திராது. பரீட்சையைச் சொல்லும்போது 'ஃபெயில்ட் த எக்ஸாம்' போதும். இங்கே எல்லோரும் நடுவில் செருகுகிற 'இன்' வேண்டாம்.

(பரீட்சைத் திணைக்களமே இதில் ஆளுக்கொரு எழுத்து வைத்திருக்கிறது. சாதாரண தரத்தில் தவறினால் டபிள்யூ, உயர்தரத்தில் தவறினால் எஃப்.)

'ஃபெயில்ட் டு' என்று பின்னால் ஒரு வினை வந்தால் சங்கதியே வேறு. அங்கே எப்போதும் முயன்று தோற்றதாக அர்த்தமில்லை. செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்றும் அர்த்தம் வரும், அதுவும் பல நேரம் குற்றச்சாட்டுத் தொனியில். 'யூ ஹேவ் ஃபெயில்ட் டு ரிப்போர்ட் ஃபோர் வேர்க்' என்று தோட்டத்துத் துரையின் ஒப்பத்தோடு கடிதம் வந்தால், 'வேலைக்கு வரவில்லை, விளக்கம் கொடு' என்று வாசிக்க வேண்டும். லயத்துக் கூரைக்குத் தகரம் கேட்டு நீங்கள் எழுதும் மனுவில் 'த மேனேஜ்மென்ட் ஃபெயில்ட் டு ரிப்பேர்' என்று போட்டால் அது மனு இல்லை, வழக்கு. 'ஹேஸ் நொட் யெட் ரிப்பேர்ட்' என்றால் 'இன்னும் திருத்தவில்லை' என்பதோடு நிற்கும். எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். சில நேரம் வழக்குத்தான் வேண்டும்.

சம்பளப் பேச்சுவார்த்தை முறிந்தால் 'ப்ரோக் டவுன்' அல்லது 'கொலப்ஸ்ட்'. மதிலும் கூரையும் 'கொலப்ஸ்' ஆகும், பஸ் 'ப்ரேக் டவுன்' ஆகும். இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். கடன் கட்டத் தவறினால் 'டிஃபோல்ட்'. 'ஃபவுண்டர்' என்றால் தண்ணீர் புகுந்து கப்பல் அடியில் போவது. அந்த மாதிரி மூழ்கிப்போன திட்டத்துக்கும் சொல்லலாம். நடுவில் ஒரு 'எல்' சேர்த்து 'ஃப்ளவுண்டர்' என்றால் இன்னும் மூழ்கவில்லை, தத்தளிக்கிறது.

இனி அம்மாயி. 'ஃபியூடைல்' முயற்சிக்கும் செயலுக்கும் உரிய சொல். மூடிய கந்தோர்க் கதவைத் தட்டிக்கொண்டே நிற்பது 'ஃபியூடைல்'. ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் தாளில் 'யூஸ்லெஸ்' இருந்திருக்கும். அதை ஆளுக்குச் சொல்லலாம், சொன்னால் அது ஏச்சு. 'ஒப்சலீட்' என்றால் புதியது வந்ததால் வழக்கொழிந்த இயந்திரம், முறை. 'ரிடண்டன்ட்' பிரித்தானிய ஆங்கிலத்தில் ஆட்குறைப்பில் வேலை போனவரைக் குறிக்கும். தேவையில்லாமல் போனது அந்தப் பதவி, அவருடைய திறமையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அம்மாயிக்கு 'ரிடயர்ட்' என்ற சொல் இருக்கிறது. அதையே எழுதியிருக்கலாம்.

'வெய்ன்' பொல்லாத சொல். 'இன் வெய்ன்' என்று சேர்ந்து வந்தால் 'வீணாக': 'வீ வெய்ட்டட் இன் வெய்ன்'. தனியாக ஒரு பெண்ணுக்கு முன்னால் போட்டால், தன் அழகில் செருக்குக் கொண்டவள் என்று ஆகிவிடும். பயனற்றது என்ற பொருளில் வரும் 'பூட்லெஸ்', 'ஓஷியோஸ்' இரண்டையும் வெட்டிவிடுங்கள். முதலாவதற்கும் சப்பாத்துக்கும் சம்பந்தமில்லை, பழைய ஆங்கிலத்தில் 'நன்மை' என்ற சொல்லிலிருந்து வந்தது; இன்று யாரும் பேசுவதில்லை. இவற்றைவிட உங்கள் ஊர்த் தொழிற்சாலையில் புழங்கும் 'ரெஃப்யூஸ் டீ' உதவும்: தும்பும் தண்டும் கூட்டியெடுத்த தூளுமாகக் கழித்த தேயிலை. முதல் அசையை அழுத்திச் சொன்னால் அது கழிவு. இரண்டாம் அசையை அழுத்தினால் 'மறுக்கிறேன்'. எழுத்தில் வித்தியாசமே இல்லை. கழித்ததை, விலை குறைவாக என்றாலும் விற்பனைக்குப் போகிற 'ஒஃப் கிரேட்' தூளோடு சேர்க்காதீர்கள்.

மணப்பெண்ணில் சறுக்கியதற்குத் தமிழும் ஒரு காரணம். அம்மனுக்கும் அலங்காரம், மணவறைக்கும் அலங்காரம், பெண்ணுக்கும் அலங்காரம் என்று நமக்கு ஒரே சொல்லில் வேலை முடிகிறது. ஆங்கிலத்தில் 'டெக்கரேட்' மணவறைக்கு, கேக்குக்கு, மண்டபத்துக்கு. ஆளை 'டெக்கரேட்' பண்ணினால் பதக்கம் குத்தியதாக அர்த்தம், படைவீரருக்குச் சொல்வார்கள். பெண்ணுக்கு 'த ப்ரைட் வாஸ் ட்ரெஸ்ட் இன் எ ரெட் சாரி' போதும். 'ட்ரெஸ்ட் அப் எ சாரி' பிழை, 'இன்' கட்டாயம். பாடசாலைக்குப் போகக் காலையில் உடுத்துவது 'கெட் ட்ரெஸ்ட்'. 'ட்ரெஸ் அப்' என்றால் வழமையைவிட எடுப்பாக உடுத்துவது, அல்லது வேஷம் கட்டுவது. காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுகிறவர் 'ட்ரெஸ்ட் அப் ஏஸ் ரதி'. 'ட்ரெஸ்ஸிங் டவுன்' வாங்கினார் என்றால் உடுப்பு இல்லை, நல்ல ஏச்சு.

'ட்ரெஸ்' பழைய பிரெஞ்சில் ஒழுங்குபடுத்துவதைக் குறித்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் புண்ணுக்குக் கட்டுவதும், மரக்கறிக்குப் போடும் மேற்கட்டுப் பசளையும் 'ட்ரெஸ்ஸிங்' ஆனது அதனால்தான். 'டெக்ட் அவுட்' தேருக்கும் தெருவுக்கும் நன்றாகப் பொருந்தும். 'கார்னிஷ்' சாப்பாட்டுக்கு. கதையை 'எம்பெலிஷ்' பண்ணினார் என்றால் கொஞ்சம் பொய் கலந்திருக்கிறது.

தாளைத் தூக்கி வையுங்கள். மாணவர்களுக்கென்று அச்சிட்ட ஆங்கில அகராதி பாடசாலை நூலகத்தில் இருக்கும். வாரத்துக்கு மூன்று சொல் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் யார் அல்லது எது என்று ஒரு நிரல், பின்னால் 'இன்'னா 'வித்'தா என்று ஒரு நிரல், பேச்சா கடிதமா பழசா என்று ஒரு நிரல் போடுங்கள். மூன்றும் நிரம்பாத சொல்லைக் கட்டுரையில் தொடாதீர்கள். ஒரு பத்தியில் 'ஃபெயில்' இரண்டு தடவை வந்தால் வரட்டும்.

இன்னொன்று. சோடிக்கும் வரிசையில் 'டிட்டிவேட்' இருந்தால், பக்கத்தில் 'டிட்டிலேட்'டும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பலர் இரண்டையும் குழப்புகிறார்கள். முதலாவது தலைசீவிப் பொட்டு வைத்துச் சீர்செய்வது. இரண்டாவது காம உணர்வைக் கிளறுவது. அடுத்த பரீட்சைக்கு முன் 'டிட்டிலேட்'டை வெட்டிவிட்டு, டியூசன் சேரிடமும் சொல்லுங்கள்.